மரத்திலிருந்து இறங்கிய பூனை



ஆடு, புறா, கழுதை, மீன் என்று பல உயிர்களைப் பற்றி மறையுரைகளில் பேசியிருக்கிறோம். இன்று பூனையைப் பற்றிப் பேசப் போகிறோம். திருவிவிலியத்தைப் புரட்டிப் பார்த்தால், வீட்டுப் பூனைக்குக் கிடைத்திருப்பது ஒரே ஓர் இடம்தான். பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரத்தில், பாபிலோனியச் சிலைகளின் மேல் வௌவாலும் பறவைகளும் வந்து உட்காருவதைச் சொல்லும்போது, கூடவே பூனையும் உட்காருவதாக ஒரு வார்த்தை வருகிறது. அவ்வளவுதான். அதுவும் புகழ்ச்சியாகச் சொல்லப்படவில்லை. ஆனாலும், யாரைக் கேட்டாலும் 'டென்ஷன்', 'மன அழுத்தம்' என்று சொல்கிற இந்நாளில், அதை இறக்கி வைப்பது எப்படி என்று பூனையிடமும் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நம் பங்கு கடற்கரைப் பங்கு. பங்குத்தந்தை இல்லத்தை இங்கே 'பங்களா' என்றுதான் மக்கள் சொல்வார்கள். அந்தப் பங்களாவில் மூன்று பேர் இருக்கிறோம்: இளையவரான உதவிப் பங்குத்தந்தை, சமையல் செய்கிற அம்மா, இதைப் பேசுகிற நாம். நான்காவதாக வந்து சேர்ந்தது ஒரு சாம்பல் நிறப் பூனை. மாதா கெபிக்குப் பின்னால் யாரோ ஒரு சாக்குப்பையில் மூன்று குட்டிகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். (கோவில் வளாகத்தில் குட்டிகளை விடுவது பாவமில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து வேண்டாம்.) இரண்டு குட்டிகள் பிழைக்கவில்லை. மூன்றாவதைச் சமையலம்மா எடுத்து வளர்த்தார். வேலை வெட்டி இல்லாமல் நாள் முழுவதும் நாற்காலியில் படுத்துக் கிடப்பதால் அவர் வைத்த பெயர் 'துரை'.

அந்தப் பூனையை நாம் முதலில் விரும்பவில்லை. வராந்தாவில் இருக்கிற சாய்வு நாற்காலி நம்முடையது. துரை அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. திருப்பலிக்குப் போகும்போது வெள்ளை அங்கியில் சாம்பல் முடி. மறையுரை எழுத உட்கார்ந்தால் தாளின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். 'மன அழுத்தத்தைக் குறைக்கும் பிராணி' என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

அந்த ஆண்டு திருவிழா முடிந்து பங்குப்பேரவை கூடியது. பத்து நாள் திருவிழாவின் கணக்கில் 18,400 ரூபாய் உதைத்தது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், எப்படிக் கூட்டினாலும் சேரவில்லை. பொருளாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். நாற்பது ஆண்டு மற்றவர்களின் மணியார்டர் பணத்தைக் கையில் கொண்டு நடந்தவர். கூட்டத்தில் இரண்டு தரப்பு உண்டு, எந்த ஊரில்தான் இல்லை? ஒரு தரப்பு அவரைக் குத்தலாகப் பேசத் தொடங்கியது. அதை அடக்க வேண்டியது நம் கடமை. அடக்கவில்லை. அதைவிட மோசமாக, "கணக்குத் தெரியாதவர் இந்தப் பொறுப்பை எடுத்திருக்கக் கூடாது" என்று எல்லார் முன்னிலையிலும் நாமே சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கணக்கு நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இருட்டில் நடந்து போய்விட்டார். மணி பதினொன்று.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து வராந்தாவில் வந்து நின்றோம். நாம் சொன்ன வார்த்தை ஒரு பக்கம் குத்தியது. அதைச் சொல்ல வைத்தவர்கள்மேல் கோபம் ஒரு பக்கம். அடுத்த கூட்டத்தில் யாருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள்ளேயே பேசி, அவர்கள் என்ன திருப்பிச் சொல்வார்கள் என்றும் நாமே பேசி, அதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் தெருநாய் ஒன்று வளாகத்துக்குள் நுழைந்தது. வராந்தாப் படியில் இருந்த துரையைத் துரத்தியது. பூனை ஒரே பாய்ச்சலில் வேப்பமரத்தில் ஏறிவிட்டது. வால் பாட்டில் கழுவுகிற பிரஷ் போல விடைத்திருந்தது, முதுகு வில்லாக வளைந்திருந்தது, கண் முழுக்கக் கறுப்பு. நாய் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்தது, சலித்தது, போய்விட்டது. பூனை கொஞ்ச நேரம் மரத்திலேயே இருந்து நாய் போன திசையைப் பார்த்தது. பிறகு பின்பக்கமாகச் சறுக்கி இறங்கியது. உடம்பை ஒரு உதறு உதறியது. முன்னங்காலை நக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டது. முன்னங்கால்களை நீட்டி, முதுகைத் தாழ்த்தி, நன்றாக ஒரு சோம்பல் முறித்தது. சாய்வு நாற்காலியில் ஏறிச் சுருண்டது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, தூங்கிவிட்டது.

உயிர்போகிற ஆபத்தைச் சந்தித்த பூனை தூங்குகிறது. நம்மைக் கடிக்க எந்த நாயும் வரவில்லை. கூட்டம் முடிந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. பேசியவர்கள் எல்லாரும் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். நாம் மட்டும் இன்னும் மரத்தின் மேலேயே இருக்கிறோம்.

அன்பர்களே, மன அழுத்தத்தைப் பற்றி இன்று மருத்துவம் அறிந்திருப்பதில் ஒரு பெரும் பகுதி பூனைகளிடமிருந்து கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கேனன் என்ற மருத்துவ ஆய்வாளர் இருந்தார். 1895இல் எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே, பூனைகளின் உணவில் பிஸ்மத் என்ற பொருளைக் கலந்து கொடுத்து, இரைப்பை எப்படி அசைகிறது என்று எக்ஸ்-ரே வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை பயந்தாலோ எரிச்சலடைந்தாலோ இரைப்பையின் அசைவு நின்றுபோனது. செரிமானமே நின்றுவிட்டது. தடவிக் கொடுத்து, பூனை அமைதியானதும் அசைவு திரும்ப வந்தது. பிறகு 1911இல், குரைக்கும் நாயைக் கண்டு மிரண்ட பூனையின் இரத்தத்தில் அட்ரினலின் சுரந்திருப்பதை அவரும் அவரோடு ஆய்வு செய்தவரும் காட்டினார்கள். 1915இல் அவர் எழுதிய நூல் இதையெல்லாம் விரித்துச் சொன்னது. ஆபத்து வந்தால் உடல் ஒன்று சண்டைக்கு நிற்கிறது அல்லது ஓடத் தயாராகிறது என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பது அங்கிருந்து வந்ததுதான்.

இதய வேகம் கூடுவது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது, கண்பாவை விரிவது, பசி நிற்பது, இதெல்லாம் நோய் அல்ல. இறைவன் உயிர்களுக்குத் தந்த பாதுகாப்பு. வேப்பமரத்தில் ஏறுவதற்கு அந்த அட்ரினலின் இல்லாவிட்டால் துரை அன்றே முடிந்திருக்கும். ஆகவே, 'டென்ஷனே ஆகக் கூடாது' என்று ஒருவரிடம் சொல்வது பொருளற்றது. மழைக்காலத்தில் கடலுக்குப் போன மகன் திரும்பாதபோது ஒரு தாய்க்கு நெஞ்சு அடிக்கத்தான் செய்யும். அடிக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இறங்குவதில். பூனைக்கு நாய் என்பது கண்முன் நிற்கிற நாய். நாய் போனால் பயமும் போகிறது. நமக்கு இறைவன் நினைவாற்றலையும் கற்பனையையும் தந்திருக்கிறார். இரண்டும் பெரிய கொடைகள்தாம். ஆனால் அவற்றால் நாம் நாயை வீட்டுக்குள் கொண்டுவந்து, படுக்கையறையில் கட்டிப்போட்டு, இரவு முழுவதும் குரைக்க வைக்கிறோம். உடலுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. நேற்றைய கூட்டத்தை நினைத்தாலும் அட்ரினலின் சுரக்கிறது, நாளைய கடன்காரரை நினைத்தாலும் சுரக்கிறது. ஒரு சில நிமிடங்களுக்கென்று தரப்பட்ட ஏற்பாட்டை ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் இதயமும் இரத்தக் குழாயும் தாங்குமா?

அடுத்த மாதம் பங்கில் மருத்துவ முகாம் நடந்தது. பங்களாவில் இருப்பவர்களும் வரிசையில் நின்றோம். உதவிப் பங்குத்தந்தைக்கு ஒன்றுமில்லை. நமக்கு மேல் எண் 160ஐத் தாண்டியிருந்தது. முகாமுக்கு வந்திருந்த இளம் மருத்துவர், மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "பாதர், கவலைப்படாதீங்கன்னு ஜனங்களுக்குப் பிரசங்கம் வைக்கிறீங்க..." என்று தொடங்கி, மரியாதைக்காகப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை நாமே முடித்துக்கொண்டோம்.

மலைப்பொழிவில் வருகிற வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் பற்றி எத்தனை முறை பேசியிருப்போம்! ஆனால் பறவையைப் பாருங்கள் என்று இயேசு சொன்னது, உண்மையாகவே நின்று பார்க்கச் சொன்னதுதான் என்று நமக்குத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து துரையைப் பார்க்கத் தொடங்கினோம்.

பார்க்கப் பார்க்கச் சில விஷயங்கள் தெரிந்தன. பூனை ஒரு நாளில் பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம்வரை தூங்குகிறது. ஆனால் சோம்பேறி அல்ல. அணிலுக்காகப் பதுங்கும்போது காது, கண், கால் எல்லாம் அந்த அணில்மேல்தான். அணில் தப்பிவிட்டால், 'போன வாரமும் தப்பிவிட்டதே, நமக்கு வயதாகிவிட்டதோ' என்றெல்லாம் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு தடவை நக்கிக்கொண்டு எழுந்து போய்விடுகிறது. வேலை என்றால் முழு வேலை, ஓய்வு என்றால் முழு ஓய்வு. நாமோ ஓய்வில் வேலையை நினைக்கிறோம், வேலையில் ஓய்வை நினைக்கிறோம், திருப்பலியில் இரண்டையும் நினைக்கிறோம்.

இன்னொன்று, அது உடம்பைத்தான் முதலில் இறக்குகிறது. உதறுகிறது, துடைக்கிறது, நீட்டுகிறது, பிறகுதான் படுக்கிறது. நாம் மனத்துக்கு மட்டும் 'சும்மா இரு' என்று கட்டளையிடுகிறோம், பல்லைக் கடித்துக்கொண்டு! பல் கடித்திருக்கும்போது மனம் எப்படிச் சும்மா இருக்கும்?

துரையைத் தடவக் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. பத்து நிமிடம் நாய்களையும் பூனைகளையும் தடவி விளையாடிய மாணவர்களின் உமிழ்நீரில், அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் குறைந்திருந்தது. சும்மா வேடிக்கை பார்த்தவர்களுக்கு அவ்வளவு குறையவில்லை. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார், பூனையைப் பார்த்துக் கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் அப்படியே பதில் செய்கிறது என்று கண்டறிந்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்து செய்து பார்த்தோம். உண்மைதான். உபதேசியார் பார்த்துவிட்டு, "சாமிக்குக் கண்ணில ஏதும் விழுந்திட்டா?" என்று கேட்டார்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் கசியான் என்ற துறவி, பாலைநிலத் துறவியரின் உரையாடல்களைத் தொகுத்து எழுதினார். அதில் வருவது இது. நற்செய்தியாளரான புனித யோவான் ஒரு கவுதாரியைக் கையில் வைத்து மெல்லத் தடவிக்கொண்டிருக்கிறார். வில்லோடு வந்த வேடன் ஒருவன் பார்த்து வியக்கிறான்: இவ்வளவு பெரிய மனிதர், ஒரு பறவையோடு பொழுதைக் கழிக்கிறாரே! யோவான் அவனிடம், உன் கையிலிருப்பது என்ன என்று கேட்கிறார். வில் என்கிறான். அதை எப்போதும் நாணேற்றியே வைத்திருக்க வேண்டியதுதானே என்கிறார். அப்படி வைத்தால் வில்லின் விறைப்பு போய்விடும், வேண்டிய நேரத்தில் அம்பு பாயாது என்கிறான் வேடன். அப்படியானால் என் மனத்துக்கும் கொஞ்சம் தளர்வு வேண்டும், இந்தப் பறவையைக் கண்டு நீ இடறவேண்டாம் என்கிறார் யோவான். கடவுளின் அன்பைப் பற்றி அவ்வளவு ஆழமாக எழுதியவர் என்று நாம் போற்றுகிறவருக்கே மாலையில் ஒரு கவுதாரி வேண்டியிருந்தது என்று திருச்சபையின் மரபு சொல்லிவைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த நோவுக்கு வைத்த பெயரும் இழுத்துக் கட்டிய நிலையைத்தான் குறிக்கிறது. நம் ஊரில் வலை காய்கிற இடத்தில் போய்ப் பாருங்கள். எந்த மீனவரும் கயிற்றை இரவு முழுக்க முறுக்கிலேயே விட்டுவைப்பதில்லை.

ஆனால், இவ்வளவுதானா? பூனையைத் தடவினால் எல்லாம் சரியாகிவிடுமா?

அந்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்வளம் பெருகட்டும் என்று போட்ட தடை, நல்லதுதான். ஆனால் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதம் எப்படி நகரும் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். ஒரு காலை, திருப்பலி முடிந்து ஒரு பாட்டி பங்களாவுக்கு வந்தார். சமையலம்மா துரைக்கு இரண்டு சாளைமீனைப் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டி பார்த்தார். "எங்க வீட்டுல பிள்ளைகளுக்கே குழம்புல மீனக் கண்டு நாளாச்சி. பூனைக்கு மீனா சாமி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக உறைத்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது, எண் 2418. விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. அதே மூச்சில், மனிதரின் துயர் துடைக்கச் செல்ல வேண்டிய பணத்தை அவற்றின்மேல் கொட்டுவதும் தகாது என்கிறது. விலங்குகளை நேசிக்கலாம், ஆனால் மனிதருக்கே உரிய அன்பை அவற்றுக்குத் திருப்பிவிடக் கூடாது. பாட்டி மறைக்கல்வி நூலைப் படித்தவர் அல்லர். ஒரே வரியில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து துரைக்குச் சோறும், மீன் கழுவும்போது மிஞ்சுகிற தலையும் குடலும்தான். அது ஒன்றும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில அழுத்தங்கள் நம் தலைக்குள் கட்டிப்போட்ட நாய்கள். சில அழுத்தங்கள் உண்மையிலேயே வாசலில் நிற்கிற நாய்கள். மீட்டர் வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது ஒருவரைப் பார்த்து, 'விட்டுவிடு, பூனையைப் போலத் தூங்கு' என்று சொல்வது பாவம். பூனைகூட நாய் நிற்கும்வரை இறங்குவதில்லையே! அங்கே வேண்டியது ஒரு மரம். கடன் சங்கமோ, வின்சென்ட் தே பவுல் சபையோ, பங்குப்பேரவையோ, அந்த மரமாக நிற்க வேண்டும். அதுபோல, வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் விருப்பமில்லை, செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறது என்றால், அது பூனையாலோ நம் மறையுரையாலோ தீர்கிற காரியமல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022இலிருந்து அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது, 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பதில் வெட்கமில்லை.

பூனையைப் பற்றி இன்னொரு பழங்கதையும் இருக்கிறது, துறவிகளாகிய எங்களைப் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் கசக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில் யோவான் என்ற திருத்தொண்டர் எழுதிய புனித பெரிய கிரகோரியின் வரலாற்றில் வருகிறது. ஒரு துறவி எல்லாவற்றையும் துறந்துவிட்டார். அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு பூனை. அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டேயிருப்பார். விண்ணுலகில் எனக்கு யாரோடு இடம் என்று இறைவனிடம் கேட்டார். உரோமைத் திருத்தந்தை கிரகோரியோடு என்று பதில் வந்தது. துறவிக்கு வருத்தம். செல்வத்தின் நடுவில் வாழ்கிற திருத்தந்தையும் நானும் ஒன்றா? அப்போது இறைவன் அவருக்கு உணர்த்தினார்: கிரகோரி தம் செல்வத்தின்மேல் வைத்திருக்கிற பற்றைவிட, நீ உன் பூனைமேல் வைத்திருக்கிற பற்று அதிகம்.

விட்டுவிட்டேன், விட்டுவிட்டேன் என்று சொல்கிற கையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். டென்ஷனை விட என்று சிலர் பாட்டிலைப் பிடிக்கிறார்கள், சிலர் செல்போனைப் பிடிக்கிறார்கள். நாம் பிடித்திருந்தது என்ன என்று யோசித்தோம். 'நாம் சொன்னது சரிதான்' என்ற ஒன்று. அந்தக் கூட்டத்தில் நாம் பேசியது தவறு என்று நன்றாகத் தெரிந்தும், அதை நியாயப்படுத்த ஆயிரம் பதில்களைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். தூக்கத்தைக் கெடுத்தது 18,400 ரூபாய் அல்ல, அதுதான். பூனையிடம் இல்லாதது அது. மதிலைத் தாண்டப் பார்த்து வழுக்கி விழுந்தாலும், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து நக்கிக்கொள்ளும். மதில்மேல் வழக்குப் போடாது.

மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் புயலை அடக்கும் நிகழ்வு வருகிறது. மத்தேயுவும் லூக்காவும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இயேசு தலையணையில் தலைவைத்திருந்ததைக் குறித்தவர் மாற்கு மட்டும்தான். நம் கடற்கரை மக்களுக்கு இது எளிதாகப் புரியும். படகின் பின்பக்கம், அணியத்துக்கு எதிர்ப்பக்கம், ஆட்டம் குறைவான இடம். நாள் முழுவதும் படகில் அமர்ந்து மக்களுக்குப் போதித்திருக்கிறார். மாலையில் வேலை முடிந்தது. தலையணையை இழுத்துப் போட்டு உறங்கிவிட்டார். அவருக்குச் செய்ய வேண்டிய வேலை இல்லாமலா போய்விட்டது? உலகத்தை மீட்கும் வேலை அப்படியே இருந்தது. ஆனாலும் உறங்கினார், ஏனென்றால் அது தந்தையின் கையில் இருந்தது. எழுப்பியபோது எழுந்தார், செய்ய வேண்டியதைச் செய்தார். பதற்றம் வேறு, பொறுப்பு வேறு என்று சீடர்கள் அன்று படகில்தான் கண்டார்கள். நமக்கோ, பதறாவிட்டால் பொறுப்பற்றவர் என்று ஊர் நினைத்துவிடும் என்ற பயம்.

பூனை இறங்குவது இயல்பால். நாம் இறங்குவதற்கு ஒருவரின் கை வேண்டும். குருக்களும் துறவியரும் தினமும் சொல்கிற இரவுச் செபத்தில், தம் உயிரைத் தந்தையின் கையில் ஒப்படைக்கிற மன்றாட்டு வருகிறது. 31ஆம் திருப்பாடலில் இருப்பது, சிலுவையில் இயேசு சொன்னது. அந்தச் செபத்தை முப்பது ஆண்டுகளாக அவசர அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டு, பிறகு விளக்கை அணைத்துக்கொண்டு கவலைப்படப் படுத்திருக்கிறோம். இப்போது நாம் செய்வது சிறிய காரியம். வராந்தாவில் நின்று, துரை செய்கிற மாதிரி கையைக் காலை நீட்டி முறித்து, முகம் கழுவி, அன்று நடந்ததை ஒருமுறை ஆண்டவரோடு சேர்ந்து பார்க்கிறோம். நாளைக்குச் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் ஒரு சீட்டில் எழுதி நற்கருணைப் பேழை இருக்கிற பக்கத்துச் சன்னலில் வைக்கிறோம். பிறகு அந்த மன்றாட்டை மெதுவாகச் சொல்கிறோம். மாத்திரையையும் போடுகிறோம், அதை மறந்துவிடக்கூடாது.

அப்படி எழுதிய முதல் சீட்டில் இருந்தது பொருளாளரின் வீட்டு முகவரி அல்ல, அது நமக்கே தெரியும். 'போக வேண்டும்' என்று மட்டும் எழுதினோம். போவதற்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பதாம் நாள் போனபோது வீடு பூட்டியிருந்தது. நெஞ்சுவலி என்று முந்தின இரவு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

ஓடினோம். ஸ்டென்ட் வைத்து, ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்றார்கள். கட்டிலருகில் உட்கார்ந்து, "அன்றைக்கு நாங்கள் பேசியது தவறு. உங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறோம்" என்றோம். அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சாமி, அந்தக் கணக்க ராத்திரி ராத்திரியா கூட்டிப் பார்க்கேன். கண்ண மூடினா நோட்டுதான் வருது. நாப்பது வருசத்துல ஒரு ரூவா குறைஞ்சதில்ல சாமி" என்றார். ஆக, ஊரில் அன்று விழித்திருந்தவர்கள் நாம் மட்டும் அல்ல. கோவிலுக்கு மேற்கே ஒருவர், கிழக்கே ஒருவர், ஒரே மரத்தில் இரண்டு கிளை.

இரண்டு மாதம் கழித்து, தேறி, நடக்கத் தொடங்கியதும் அவரே பங்களாவுக்கு வந்தார். வராந்தாவில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். முழு மாலையும் ஆனது. ஒலி, ஒளி அமைத்தவருக்குக் கொடுத்த முன்பணம் 15,000 ரூபாய், முந்தின ஆண்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பூ வாங்கிய 1,250 ரூபாய்க்கு ரசீது சமையலம்மாவின் அரிசிப் பானைக்குள்ளிருந்து வந்தது. மீதி 2,150 ரூபாய் எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. அவர் மறுபடியும் முதல் பக்கத்தைத் திருப்பினார். நெற்றியில் வேர்த்தது. "போதும்" என்றோம். "தெரியவில்லை என்றே எழுதிவிடுவோம். பேரவையில் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்." அவர் நம்மைப் பார்த்தார். பேனாவை வாங்கினார். எழுதவில்லை, வைத்துவிட்டார். திரும்ப எடுத்தார். தபால்காரரின் உருண்டையான எழுத்தில், 'ரூ. 2,150 - விவரம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே நாமும் போட்டோம்.

சமையலம்மா கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தார். நாற்காலியை இழந்த துரை மேசைமேல் ஏறி, மை காயாத பக்கத்தின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. விரட்டக் கையை ஓங்கினோம். "கிடக்கட்டும் சாமி" என்றார் பொருளாளர்.